இயற்கை மருத்துவம்: இடமும் எல்லையும்

(உளுந்தூர்பேட்டையில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நம் வீடுகளில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. மகன் ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வந்து, "வாப்பா, இன்சுலின் ஊசி விஷமாம், நிறுத்திவிடுங்கள்" என்கிறான். மருமகன் ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு, "பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்கிறார். கடைவீதியில் ஒரு நண்பர், "தடுப்பூசி என்பதே நம்மை அழிக்க வந்த சதி" என்கிறார். எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: இயற்கை மருத்துவம்!

மறுபுறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இயற்கை மருத்துவமாவது, யுனானியாவது! அதெல்லாம் பழங்கதை, ஏமாற்று வேலை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறது.

இந்த இரண்டு பேச்சிலும் உண்மை இல்லை. இயற்கை மருத்துவத்திற்கு ஒரு இடம் இருக்கிறது; அந்த இடம் அரசு மருத்துவ அமைப்புக்கு உள்ளே இருக்கிறது. அதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் உயிர் போகிறது. இந்த இரண்டையும் உங்கள் முன் வைப்பதற்காகவே நிற்கிறேன்.

மக்கள் ஏன் போகிறார்கள்?

முதலில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்வோம். மக்கள் காரணமில்லாமல் இயற்கை மருத்துவம் பக்கம் போகவில்லை. தனியார் மருத்துவமனைக்குள் காலெடுத்து வைத்தால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறை வாடகை என்று பில் ஏறுகிறது. மருத்துவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையிலோ கூட்டம். நின்று விளக்கம் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. இந்த நிலையில் எதிரே உட்கார்ந்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்கிற ஒருவரிடம் மக்கள் போகத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இயற்கை மருத்துவத்தின் பலம். அந்தக் கேள்விக்கு அரசு மருத்துவமனையில் இடமில்லாமல் போனால், அதைப் போலிகள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இயற்கை மருத்துவம் என்றால் என்ன?

மருந்தைக் குறைத்து, உணவு, உபவாசம், நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, மசாஜ், உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றால் உடலைச் சீர்செய்ய முயல்வது இயற்கை மருத்துவம். சித்தா, யுனானி, ஆயுர்வேதம் ஆகியவை வேறு. அவற்றில் மருந்து உண்டு. கடைத்தெருவில் பொடி விற்பவர் முதல் கப்பிங் செய்பவர் வரை எல்லோரையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பமே வருகிறது.

இதற்கு முறையான படிப்பு உண்டு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் எல்லாம் படித்துத்தான் பட்டம் வாங்க வேண்டும். தமிழக அரசே சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டில் யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. அதே அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில்தான் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யுனானி மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம்மவர் போட்ட பாதை

சென்னை தியாகராய நகருக்குத் துணி எடுக்கவும் நகை எடுக்கவும் போகாத வணிகர் இங்கே இருக்க மாட்டார். உஸ்மான் சாலையில் நடக்காமல் யாரும் திரும்பியிருக்க முடியாது. யார் அந்த உஸ்மான்?

தஞ்சையில் 1884இல் பிறந்த சர் முகமது உஸ்மான். நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றியவர். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். அவர் ஒரு ஹகீமும் ஆவார்.

1921இல் நீதிக்கட்சி ஆட்சியின்போது, நாட்டு மருத்துவ முறைகளை அரசு ஏற்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் இந்த உஸ்மான்தான். செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி என்ற ஆங்கில மருத்துவம் படித்த மருத்துவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் தேர்ந்தவர்களிடம் பல மொழிகளில் கருத்துக் கேட்டு, 1923இல் அறிக்கை தந்தார்கள். அதன் பலனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஹகீமும் ஓர் ஆங்கில மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். "உன்னுடையது பொய், என்னுடையது மெய்" என்று மல்லுக்கு நிற்கவில்லை. "அரசு அங்கீகரிக்கட்டும், கல்லூரி வரட்டும், பாடத்திட்டம் வரட்டும், தேர்வு வரட்டும்" என்றார்கள். அதாவது நாட்டு மருத்துவத்திற்கு மரியாதை கேட்டவர்கள், கூடவே ஒழுங்கையும் கேட்டார்கள். இன்று "இயற்கை மருத்துவம்" என்று முழங்குகிறவர்கள் மரியாதையை மட்டும் கேட்கிறார்கள். ஒழுங்கு என்றால் ஓடி ஒளிகிறார்கள்.

அதே காலத்தில் டெல்லியில் ஹகீம் அஜ்மல் கான் திப்பியாக் கல்லூரியை எழுப்பினார். 1921இல் காந்தியடிகள் அதைத் திறந்துவைத்தார். யுனானி மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்பது அஜ்மல் கானின் ஆசை. அவர் 1927இல் மறைந்தார். சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற வேதியியலாளர், யுனானியில் அஸ்ரோல் என்று அழைக்கப்படும் சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்து, 1931இல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு அஜ்மல் கானின் பெயரையே சூட்டி "அஜ்மலின்" என்றார். இதயத் துடிப்புக் கோளாறுகளில் மருத்துவ உலகம் அதைப் பயன்படுத்தியது.

பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதே வேரை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பிரஷருக்கு உலகமெங்கும் கொடுக்கப்பட்டது. அது சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. அதைவிட நல்ல மருந்துகள் வந்தன. மூலிகைக்குப் பலன் இருக்கிறது, பக்கவிளைவும் இருக்கிறது, இரண்டையும் சோதித்தால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

"இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை" என்கிறார்களே, அரளி விதை இயற்கையில்லையா? எட்டிக்காய் இயற்கையில்லையா? நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு நஞ்சு. அந்தச் செடியின் விதையிலிருந்து அளவறிந்து எடுத்த கொல்கிசின் மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவும் சோதனையும்தான் நஞ்சையும் மருந்தையும் பிரிக்கின்றன.

காந்தியடிகள் சொல்லும் பாடம்

இந்தியாவில் இயற்கை மருத்துவத்தை மக்களிடம் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் காந்தியடிகள். மண்பட்டி, இடுப்புக் குளியல், உபவாசம் எல்லாவற்றையும் தன் உடலிலேயே செய்துபார்த்தவர். 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கியவர். மத்திய அரசு இன்று நவம்பர் 18ஆம் நாளை இயற்கை மருத்துவ தினமாகக் கொண்டாடுவதே அவர் நினைவாகத்தான்.

அந்தக் காந்தியடிகளுக்கு 1924 ஜனவரியில், எரவாடா சிறையில் இருந்தபோது, குடல்வால் அழற்சி வந்தது. அவர் என்ன செய்தார்? புனே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேய மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் அவர் இயற்கை மருத்துவத்தைக் கைவிடவில்லை. எதற்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, "கத்தியே கூடாது, ஊசியே கூடாது" என்று பேசுகிறவர்கள் அவரைவிடப் பெரிய இயற்கை மருத்துவர்களா?

எங்கே அதன் இடம்?

இப்போது இயற்கை மருத்துவத்தின் இடத்திற்கு வருகிறேன். வணிகப் பெருமக்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். நடுவில் ஏழெட்டு டீ, ஒவ்வொன்றிலும் சர்க்கரை. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு. கடையை அடைத்துவிட்டுப் போகிற வழியில் பரோட்டா, சால்னா. வீட்டுக்குப் போய் உடனே படுக்கை. வெள்ளிக்கிழமை பிரியாணி. நடப்பது என்றால் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே உள்ள தூரம்தான். அதற்கும் இப்போது பைக்!

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்தே தீர்த்துவிட எந்த அரசாலும் முடியாது.

இங்கேதான் இயற்கை வழி வேலை செய்கிறது. இது நம்பிக்கையின் பேரில் சொல்வதல்ல. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2006இல் வெளியானது. எந்தத் தலையீடும் இல்லாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகளானார்கள். உணவைத் திருத்தி, நடைப்பயிற்சி செய்தவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. இன்னொரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களிலும் ஏறக்குறைய 40 பேர். அதாவது நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக நின்றன! இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க, பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கப்படுத்த, மாதாமாதம் கேட்டு விசாரிக்க ஒருவர் வேண்டும். அரசு மருத்துவமனையில் இயற்கை மருத்துவருக்கு உரிய இடம் இதுதான்.

நோய் வருமுன் காப்பது ஒரு இடம். சர்க்கரை, பிரஷர், உடல்பருமன், மூட்டுவலி, தூக்கமின்மை போன்ற நாள்பட்ட தொல்லைகளில், மருத்துவர் தரும் மாத்திரையோடு கூட உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்துவது இரண்டாவது இடம். அறுவை சிகிச்சையோ பக்கவாதமோ கடந்தவர்களை, பிசியோதெரபியோடு சேர்ந்து, மீண்டும் எழுந்து நடமாட வைப்பது மூன்றாவது இடம். தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவ வாழ்வியல் மையங்கள் இந்த நோக்கத்தில்தான் நடக்கின்றன. போய்ப் பாருங்கள்; கட்டணம் இல்லை.

எங்கே அதன் எல்லை?

இனி எல்லை. இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததே வீண்.

இன்சுலின் சுரக்காமலே போய்விடும் முதல் வகைச் சர்க்கரை நோய், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வருவது. 1922க்கு முன்னால் அதற்கு உலகத்தில் இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. உணவை அளந்து அளந்து குறைப்பார்கள். குழந்தை எலும்பும் தோலுமாகிச் சில காலம் கூடுதலாக வாழும், பிறகு இறந்துவிடும். அந்த ஆண்டு கனடாவில் டொரண்டோ நகரத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அன்றுமுதல் அந்தக் குழந்தைகள் வாழ ஆரம்பித்தார்கள். அந்த ஊசியை "விஷம்" என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறவன், நூறு ஆண்டுக்கு முந்தைய சாவுக்கு நம் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறான் என்று பொருள்.

பிரசவத்திற்கு வாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அக்குபஞ்சர் துணையோடு வீட்டுப் பிரசவம் என்று முயன்று தாயும் சேயும் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் மலப்புரம் மாவட்டத்தில், ஐந்தாவது பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்ட ஒரு தாய் உயிரிழந்தார். கடைசியாகச் சொன்ன இரண்டும் நம் சமுதாயக் குடும்பங்கள் என்பதை வெட்கத்தோடும் வேதனையோடும் சொல்கிறேன். தமிழகத்தில் இன்று 100 பிரசவங்களில் 99க்கும் மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நம் பாட்டிமார்கள் வீட்டில் பெற்றார்கள் என்பது உண்மை. எத்தனை பாட்டிமார்கள் பிள்ளைப்பேற்றில் மையவாடிக்குப் போனார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள்! தாய்க்கு ரத்தப்போக்கு கட்டுப்படாமல் போனால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கின்றன. அந்த நிமிடங்களில் ரத்தம் ஏற்ற வேண்டும். எந்தக் கஷாயத்துக்கும் அந்த அவகாசம் கிடையாது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கொடுமைக்குக் காரணமானவர்களைப் பற்றிப் பேச இன்னொரு மேடை வேண்டும். இங்கே சொல்ல வருவது வேறு. அன்று பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது டயாலிசிசும் மாற்று மருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவும்தான். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மட்டுமல்லாமல், சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் வரை அவர்களைக் கொண்டுபோனார்கள். நம் ஊர் திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகிற இடம். நெடுஞ்சாலையில் அடிபட்டவரை எங்கே கொண்டுபோவீர்கள்? 108க்குத்தான் போன் போடுவீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடியும் அப்படியே. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கல்வராயன் மலையில் ஒருவரைப் பாம்பு கடித்தால் பச்சிலை தேடுவதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் உயிரில் கழிகிறது. விஷமுறிவு ஊசி ஒன்றே மருந்து. ஆனால் அந்த ஊசிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பரம்பரை அறிவால் அவர்கள் பாம்பைப் பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தை ஆய்வுக்கூடம் வாங்கி, குதிரையின் உடலில் சிறுகச் சிறுகச் செலுத்தி மருந்து தயாரிக்கிறது. பழங்குடியினரின் அறிவும் நவீன மருத்துவமும் கைகோத்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது தமிழகமெங்கும் வாட்ஸ்அப் வதந்தி பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். இதற்கு முன் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் போலியோ சொட்டு மருந்துக்கு நம் மக்களிடமே எதிர்ப்பு இருந்தது. அங்கே உலமாக்களும் இமாம்களும் முன்வந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவித்தார்கள். வீடு வீடாகச் சென்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நோயாளியே இல்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுவித்தது. அந்த வெற்றியில் நம் சமுதாயத்தின் பங்கு இருக்கிறது. அதைத்தான் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு பொட்டலத்தை விற்று, "இதைச் சாப்பிடு, மாத்திரையை நிறுத்து" என்பவன் மார்க்கத்துக்கும் நன்மை செய்யவில்லை, மருத்துவத்துக்கும் செய்யவில்லை. கருஞ்சீரகத்தை உண்ணுங்கள், தேனைப் பருகுங்கள். ஆனால் அதைக் காட்டி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரமலான் வருமுன் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்வதும் மருத்துவம் செய்துகொள்வதில் சேர்ந்ததுதான்.

வணிகர்களின் பொறுப்பு

நம்மில் பலர் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம்; மளிகையில் லேகியமும் பொடியும் எண்ணெயும் விற்கிறோம். "சர்க்கரை பூரண குணம்", "புற்றுநோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று அட்டையில் அச்சடித்து வரும் சரக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பதஞ்சலி போன்ற பெரிய நிறுவனமே தவறான விளம்பரங்களுக்காக 2024இல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்று, பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் இல்லாத மருந்தைக் கடையில் ஏற்றாதீர்கள். மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. வாங்கியவர் முதலில் "அற்புதமான மருந்து" என்பார்; பிறகு எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். நிறுவையில் மோசடி செய்யக் கூடாது என்று அஞ்சுகிற வணிகன், மருந்தில் மோசடி செய்யலாமா? ஹலாலான சம்பாத்தியம் என்பது மருந்துக்கும் சேர்த்துத்தான்.

கல்வராயன் மலையின் கடுக்காய் பேர்பெற்றது. மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கிக் கொண்டுவருவதை வாங்கி விற்கும் வியாபாரிகள் அவர்களுக்கு நியாயமான விலை தரவேண்டும். மூலிகை மருத்துவத்தைப் போற்றுகிறோம் என்பது உண்மையானால், அது அந்தக் கடுக்காயைப் பொறுக்கிய கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது

1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரப் பணியில் தேவைக்கேற்பப் பாரம்பரிய மருத்துவர்களையும் பயிற்சி தந்து சேர்க்கலாம் என்று அறிவித்தன. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் இந்திய மருத்துவ முறைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குள் கொண்டுவர முனைந்தது. 2014 நவம்பரில் ஆயுஷ் என்ற தனி அமைச்சகமே வந்தது. காகிதத்தில் குறைவில்லை. களத்தில் என்ன தேவை?

ஒன்று: உளுந்தூர்பேட்டை போன்ற ஒவ்வொரு தாலுகா தலைநகரத்து அரசு மருத்துவமனையிலும் பட்டம் பெற்ற இயற்கை மருத்துவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் மாத்திரை வாங்கும் அதே நாளில், அதே இடத்தில் அவரையும் பார்க்க வழி வேண்டும்.

இரண்டு: எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே நோயாளிச் சீட்டு வேண்டும். யுனானி மருத்துவர் கொடுப்பது ஆங்கில மருத்துவருக்கும், அவர் கொடுப்பது இவருக்கும் தெரிய வேண்டும். இரண்டு மருந்துகள் மோதி நோயாளி பலியாகக் கூடாது.

மூன்று: 2020இல் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது யுனானி, சித்தா, ஆயுர்வேதம் சேர்க்கப்பட்டன; இயற்கை மருத்துவம் சேர்க்கப்படவில்லை. நாடு முழுமைக்குமான சட்டம் வந்தால்தான் மூன்று நாள் முகாமில் சான்றிதழ் வாங்கியவன் "டாக்டர்" பலகை மாட்டுவது நிற்கும்.

நான்கு: மாநிலத்தின் ஒரே யுனானிக் கல்லூரி அரசுக் கல்லூரி. அங்கே படித்து வெளிவருகிறவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் பணியிடங்கள் கூட்டப்பட வேண்டும்.

ஐந்து: கல்வராயன் மலையிலுள்ள சுகாதார நிலையங்களில் எந்நேரமும் விஷமுறிவு மருந்தும், மலையிலிருந்து இறக்க வாகனமும் இருக்க வேண்டும். மூலிகை தருகிற மலைக்கு மருத்துவமனை தராமல் இருப்பது நியாயமா?

இளைஞர்களே!

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை சர்க்கரை, பிரஷர் பரிசோதனை முகாம் வையுங்கள். அரசு மருத்துவரையும் அழையுங்கள், பதிவு பெற்ற யுனானி மருத்துவரையும் அழையுங்கள், இயற்கை மருத்துவரையும் அழையுங்கள். மூவரையும் ஒரே மேடையில் உட்காரவையுங்கள். கர்ப்பிணிகளின் பட்டியலை எடுத்து, அவர்கள் மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று நம் பெண்கள் விசாரிக்கட்டும். "மாத்திரையை நிறுத்து" என்று ஒருவர் சொன்னால், அவருடைய படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் உங்கள் தாயின் உயிரை ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்காத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு விரல் தட்டினால் ஒரு உயிர் போகலாம்.

பஜ்ருத் தொழுகை முடிந்ததும் அரை மணி நேரம் நடக்கலாம். டீயில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன்பே முடிக்கலாம். இவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். நாளை காலையிலிருந்தே ஆரம்பிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஹகீமும் ஓர் ஆங்கில மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்த மேசை சென்னையில் இருந்தது. அப்படி ஒரு மேசை உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையில் வரட்டும். அதற்காக மனுக் கொடுப்போம், அதிகாரிகளைச் சந்திப்போம், குரல் கொடுப்போம் என்று கேட்டு அமர்கிறேன்.